காக்கைக்கு எத்தனை மணிக்குச் சோறு

நடந்தது இதுதான்:

1. சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு தெருவில் காக்கைகளைப் பிடித்து, காலில் கலர் வளையம் மாட்டி விட்டேன்.

2. எந்தக் காக்கை எந்த வீட்டு மாடியில் எப்போது சாப்பிடுகிறது, எது எதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது என்று இரண்டு வருடம் பார்த்துக் குறித்தேன்.

3. என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதுதான். அது நிற்க மூன்றாவது வருடக் கணக்கும் வேண்டியிருந்தது.

4. மூன்றாவது வருடம் தொடங்க இருந்த நேரத்தில், ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி சொல்வதற்காக ஓர் அரைமணி நேர கேபிள் நிகழ்ச்சி செய்தோம்.

5. பொதுமக்களுக்குப் புரிந்துவிட்டது.

முதல் நான்கு மட்டும் என்றால் நான் சமாளித்திருப்பேன்.

நான் கடலூர்க்காரி. எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா கொல்லையில் மீன் கழுவும்போது, பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டுவது என் வேலை. அந்த இனத்தோடு எங்கள் குடும்பத்துக்கு இருந்த உறவு அவ்வளவுதான். விலங்கியல் முடித்து, 2008இல் விலங்கு நடத்தையில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது அம்மா, "யானையா, புலியாடி?" என்று கேட்டார். காக்கை என்றேன்.

"அதுக்கு எதுக்கு சிதம்பரம் வரைக்கும் பஸ் ஏறிப் போற? நம்ம வூட்டு மாடில இல்லாத காக்காவா?"

நியாயமான கேள்விதான். எங்கள் மாடியில் காக்கை உண்டு, சோறு கிடையாது. சிதம்பரத்தில் நான் தேர்ந்தெடுத்த தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும், சமைத்ததும் முதல் கைப்பிடியை மாடிச் சுவரில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் உண்டு, அது மாறாது. இதையே ஓர் ஆய்வகத்தில் ஏற்பாடு செய்ய வேண்டுமானால் பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். பத்துப் பேரும் இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வரமாட்டார்கள். தெரு இதை இலவசமாக, பக்தியோடு செய்துகொண்டிருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு மாடியில் ஓரமாக உட்கார்ந்து, எதையும் மாற்றாமல் பார்ப்பது.

சட்டப்படி வீட்டுக் காக்கை எலியோடு ஒரே பட்டியலில் இருந்தது. பிடிக்கத் தடையில்லை. தெருவின் சட்டப்படி அது காலமான மாமனார். ஆகவே கூண்டு வைத்துப் பிடிக்கும்போது இரண்டாவது சட்டத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். கையைக் காலை முறிக்கவில்லை, வெறும் வளையம்தான் என்று வீடு வீடாகக் காட்டிவிட்டு மாட்டினேன். ஆட்கள் ஒப்புக்கொண்டார்கள், காக்கைகள் ஒப்புக்கொள்ளவில்லை. பிடித்தவள் முகத்தை அவை மறக்கவே இல்லை. பல மாதங்கள் அந்தத் தெருவுக்குள் நான் குடை இல்லாமல் நுழைந்தால் தலையில் தட்டிவிட்டுப் போயின. துறை அலுவலகத்தில் என்னை அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. காக்கைகளுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது.

வளையங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை என்று வந்தன. 2009 தேர்தலுக்குக் கட்சிகள் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. கருப்புப் பறவையின் காலில் சிவப்பு வளையம் ஏறிய மறுநாளே தெருமுனை டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "எந்தக் கட்சிம்மா பண்ணுது இந்த வேலய?"

"எல்லாக் கலரும் இருக்குங்க."

"அப்ப கூட்டணி" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். அதற்கு மேல் யாரும் வளையங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாப்பிடும்போது வளையத்தை உற்றுப் பார்க்கும் பழக்கமும் யாருக்கும் இல்லை. வந்தது காக்கை, சாப்பிட்டது காக்கை, முடிந்தது விஷயம். அந்த அக்கறையின்மைதான் என் ஆய்வின் அஸ்திவாரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

2010 நடுவில் என் நெறியாளர் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். திரும்பும்போது ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு லட்சியம் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். பையில் அச்சிட்டிருந்த தலைப்பே எல்லாவற்றையும் சொன்னது: கலை வழியே அறிவியல். ஆய்வு முடிவுகள் அலமாரியில் தூங்கக் கூடாது, படமாக, காட்சியாக, மக்கள் மொழியில் வெளியே போக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "உன் காக்காதான் இதுக்குச் சரியான விலங்கு. எல்லாருக்கும் தெரிஞ்சது" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விலங்கைப் பற்றி எல்லோருக்கும் சொல்வதில் உள்ள ஆபத்தைப் பயிலரங்கில் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் அது மதிய உணவுக்குப் பிந்திய அமர்வில் இருந்திருக்கும்.

கடலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உள்ளூர் கேபிள் சேனல் நடத்திவந்தார். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நகைக்கடை விளம்பரம், இவற்றுக்கு நடுவே இடம் கிடைத்தால் ஒரு பழைய படம். நான் எழுதிக்கொண்டு போன தலைப்பு, 'வீட்டுக் காக்கைகளின் உணவு நேர ஒழுங்கு'. அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"மேடம், இத போட்டா நானே சேனல் மாத்திடுவேன்."

நிகழ்ச்சியின் பெயர் 'காக்கா... ஒரு மர்மம்' ஆனது. மூன்று புள்ளிகளும் அவர் கொடுத்தவை. பின்னணி இசைக்கு, பேய் வரும் இடத்தில் போடுகிற ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தார். தொடக்கக் காட்சிக்கு இணையத்தில் எடுத்த காக்கை, கோழி அளவு பெரியது, பனிமலை முன்னால் உட்கார்ந்திருந்தது. குறிஞ்சிப்பாடி தாண்டி எங்கே பனிமலை என்று கேட்டேன்.

"ஜனங்களுக்கு கொஞ்சம் கிராண்டா வேணும் மேடம்."

ஒருவழியாகப் பனிமலையை எடுக்க வைத்தேன். மூன்று புள்ளியை எடுக்க முடியவில்லை. அடுத்தது என் வரைபடங்கள். காக்கைகளின் பெயர்க்குறி ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், நேரம் கட்டங்களாக. அவற்றைப் படமாக மாற்ற அவருடைய மச்சானைக் கூப்பிட்டார். மச்சானுக்கு ஃபிளெக்ஸ் பேனர் கடை. கல்யாணம், காதுகுத்து, தலைவர் வருகை எல்லாம் அவர் கைவண்ணம். என் கட்டங்களைப் பார்த்துவிட்டு அவர் தன் மாமாவிடம்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை.

"மாமா, இதுல ஒரு மூஞ்சிகூட இல்லியே."

"உனுக்கு எல்லாத்துலயும் வட்டத்துக்குள்ள மூஞ்சி வேணும்டா மச்சான்."

"மூஞ்சி வேணாம். தெருவ வரஞ்சி, காக்கா போற வழிய கோடு போட்டுக் காட்டுவோம். பச்ச காக்காவுக்கு பச்சக் கோடு. பாக்கறவங்களுக்குப் புரியும்."

நல்ல யோசனை. இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன். நான் என் பங்குக்கு, நிகழ்ச்சியில் வரக் கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டேன். யாருடைய பெயரும் வரக் கூடாது. கதவு இலக்கம் வரக் கூடாது. தெருவின் பெயர் வரக் கூடாது. முன்னோர், பித்ரு, சனி பகவான் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது. ஒளிபரப்புக்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதுவும் வரவில்லை.

மச்சான் மட்டும் ஒருநாள் பைக்கில் சிதம்பரம் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கல்யாண பேனரில் மாப்பிள்ளை மாமனின் மரு முதற்கொண்டு பிசகாமல் வரைகிறவர். தெருவையும் அப்படியே வரைந்தார். ஒரு மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, இன்னொன்றில் டிஷ் ஆண்டெனா, மூன்றாவதில் ரோஜா நிற கிரில். நடுவே ஒரு சுவர்: ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்து, மறுபக்கம் செங்கல் தெரிய. அழகான படம். கலை உண்மையைக் காட்டும் என்பார்கள். இந்தப் படம் முகவரியையே காட்டிக்கொடுத்தது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அண்ணன் தம்பி. ஒரே வீடாக இருந்தது, அப்பா காலமான பிறகு நடுவில் சுவராகி, சுவர் வழக்காகியிருந்தது. அண்ணன் தாலுக்கா அலுவலகத்தில் வேலை. தம்பிக்குப் பெண்ணாடத்தில் வேலை, விடிவதற்குள் கிளம்புவார். இரண்டு வீட்டுப் பெண்களும் ஓரகத்திகள். பேச்சுவார்த்தை கிடையாது. அமாவாசைக்கு இரண்டு மாடியிலும் தனித்தனி இலை போடுவார்கள்.

என் பச்சை-வெள்ளை, அதாவது இடது காலில் பச்சையும் வலது காலில் வெள்ளையும் மாட்டிய காக்கை, ஒவ்வொரு நாளும் தெருவை ஒரு சுற்று வரும். மச்சான் போட்ட பச்சைக் கோடு செங்கல் தெரிந்த பக்கத்தில், தம்பி மாடியில் தொடங்கியது. அங்கிருந்து ரோஜா கிரில், பிறகு நீலத் தொட்டி. கடைசியாகச் சுவரைத் தாண்டி அண்ணன் மாடி. கோட்டின் மேல் ஒரு சின்னக் காக்கை நகர்ந்து நகர்ந்து போனது. கீழே பேய் இசை.

சிதம்பரம் கேபிள்காரர்களுக்கும் சிடி போயிருந்தது. மறுநாள் காலை நான் குடையோடு தெருவுக்குள் நுழைந்தபோது, இரண்டு வருடமாக எனக்குச் சொம்பில் தண்ணீர் மட்டும் கொடுத்துவந்த தம்பி வீட்டம்மா டம்ளரில் காபி கொடுத்தார்.

"நேத்து பாத்தோம் பாப்பா. ரொம்ப நல்லாருந்துச்சு."

"நன்றிக்கா."

"மாமா தெனமும் மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வர்றாராம்ல. எங்களுக்கே தெரியாது பாரு."

மாமா என்றது மாமனாரை. நான் காபியைக் குடித்தேன்.

பக்கத்து மாடியிலிருந்து அவருடைய ஓரகத்தி துணி உதறும் சத்தம் கேட்டது. ஒரே துணியை அவ்வளவு நேரம் உதற முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். அலுவலகத்துக்குக் கிளம்பிச் சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவர் மட்டும் நின்றார்.

"அந்தப் பச்சக் கோடு நெஜமாம்மா? இல்ல படத்துக்காகப் போட்டதா?"

"நெஜம்தான் சார். ரெண்டு வருஷமா பாத்து எழுதினது."

"கொள்ளி வச்சது நானு. கருமம் பண்ணது நானு. வருஷா வருஷம் திதி குடுக்கறது நானு. அவரு மொதல்ல அங்க போவாரா?"

கோபத்தோடு கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் தகவல் கேட்பதுபோலக் கேட்டார். அது அவருடைய அப்பா இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது என் வேலை இல்லை. என் வேலை, காக்கை ஏன் ஓர் இடத்துக்கு முதலில் போகிறது என்பதைச் சொல்வது. அதைச் சொல்லத்தானே பயிலரங்கு, பை, பேனா, மச்சான் எல்லாம்.

"அவுங்க வீட்ல சாருக்கு வேலைக்குப் போகணும்னு அஞ்சரைக்கே சமைக்கிறாங்க சார். சோறும் அஞ்சரைக்கு மாடிக்கு வந்துடுது. உங்க வீட்ல எட்டு மணி. காக்கா எழுந்திருக்கும்போதே பசியோட இருக்கும். எங்க மொதல்ல சோறு இருக்கோ அங்க போகுது."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"வேற காரணம் ஒண்ணும் இல்லியே?"

"நான் பாத்த வரைக்கும் இல்ல."

அவர் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருட ஆய்வை நான்கைந்து வாக்கியத்தில், ஒரு வரைபடமும் இல்லாமல், விலங்கியல் படிக்காத ஒருவருக்குப் புரியவைத்திருந்தேன். பஸ்ஸில் கடலூர் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியங்களை நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு அண்ணன் மாடியில் இலை விழுந்தது. நெய் ஊற்றிய சோறு.

அதற்கடுத்த நாள் தம்பி வீட்டில் நாலே முக்கால். அந்த வாரக் கடைசிக்குள் நீலத் தொட்டி வீடும் ரோஜா கிரில் வீடும் சேர்ந்துகொண்டன. அவர்களுக்கும் போய்ச்சேர்ந்த பெரியவர்கள் உண்டு, அவர்களும் கேபிள் பார்த்திருந்தார்கள். பொழுது விடிவதற்கு முன் தெரு முழுக்க உளுந்து வடை வாசனை. மார்கழி மாதம் வேறு, எப்படியும் கோலம் போட எழுந்திருக்கிறவர்கள்தானே. ஒரு வீட்டில் காக்கைக்கென்று தனியாக முட்டை அவித்தார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு முட்டை பிடிக்குமாம்.

ஓர் அறிவியல் முடிவை ஒரு தெரு முழுவதும் கேட்டு, நம்பி, மறுநாளே நடைமுறைப்படுத்தியது என்று எந்தப் பயிலரங்கிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சின தண்ணீர் குடியுங்கள் என்று எத்தனையோ வருடமாகச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். காக்கை பசி வழியே போகும் என்று ஒரே ஒருவரிடம் ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான்.

என் மூன்றாவது வருடம் அந்த வாரம் தொடங்கியிருந்தது.

நான் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். காக்கைகள் ஆறு மணிக்குள் வயிறு நிறைந்து கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எது எதற்கு வழிவிடும், எது காத்திருந்து கடைசியில் சாப்பிடும் என்பதுதான் அத்தியாயமே. இப்போது எதுவும் எதற்கும் வழிவிட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடமாகக் கடைசியில் காத்திருந்து பருக்கை பொறுக்கிய மஞ்சள்-நீலம், முழு வடையைக் காலில் மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பச்சை-வெள்ளையின் சுற்று நின்றேபோனது. எங்கேயும் போகாமல் சுவர் மேலேயே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாப்பிட்டது. அதற்கு எந்த வழக்கும் இல்லை.

நெறியாளரிடம் சொன்னேன். அவர் என் குறிப்புகளைப் புரட்டினார். சிரிப்பை அடக்கியதாக எனக்குத் தோன்றியது. "மக்கள் மேல தாக்கம் இருந்ததுன்னு அறிக்கைல எழுதலாம்" என்றார். பிறகு, "சோத்த பழையபடி வைக்கச் சொல்லிப் பாரு. ஒரு மாசத்துல பழைய ஒழுங்கு திரும்பினா இந்த வருஷத்தக் காப்பாத்திடலாம்."

ஒரு மாதம். அதுதான் என்னிடம் மிச்சமிருந்தது. வீடு வீடாகப் போனேன். கேட்டது சின்னதுதான்: பழைய நேரம், வெறும் சோறு, வடை வேண்டாம். எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் "சரிம்மா" என்றார்கள். அந்தத் தெருவில் சரிம்மா என்பதற்கு, சொன்னது காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள்.

தம்பி வீட்டம்மா, "எங்களுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. அவுங்க எட்டு மணிக்குப் போவட்டும், நாங்க அஞ்சரைக்குப் போறோம். நாங்கதான மொதல்லருந்தே அஞ்சரை?" என்றார்.

அண்ணனிடம் போனேன்.

"நீ சொன்னதத்தாம்மா செய்யறோம். தப்பா ஏதாவது செய்யறமா?"

"தப்பு இல்ல சார். என் ஆராய்ச்சிக்குப் பழைய மாதிரியே இருக்கணும்."

"பழைய மாதிரின்னா அவரு மொதல்ல அங்க போற மாதிரி."

"காக்கா, சார்."

"ஆமா, காக்கா." அவர் மறுத்துப் பேசவில்லை. "அவனை மொதல்ல நிறுத்தச் சொல்லு. நான் எட்டுக்குக்கூட இல்ல, ஒம்பதுக்கு வைக்கிறேன்."

தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தேன். "அவுரு நிறுத்தட்டும்" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நான் பல முறை போய்வந்தேன். கேபிள்காரர் கேள்விப்பட்டு, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்றார். தலைப்பும் யோசித்துவைத்திருந்தார். அதிலும் மூன்று புள்ளி இருந்தது. வேண்டாம் என்றேன்.

மாதம் முடிகிற வாரத்தில் ஒரு விடியற்காலை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சிதம்பரத்திலேயே தங்கி மாடி ஏறினேன். அண்ணன் இந்தப் பக்கம் இலையோடு, தம்பி அந்தப் பக்கம் தட்டோடு. நடுவே செங்கல். இருவரும் "கா, கா" என்று கூப்பிட்டார்கள். பனி இறங்கியிருந்தது, ஒன்றையும் காணோம். கொஞ்ச நேரம் கழித்து தம்பிதான் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"பனி ஜாஸ்தி இன்னிக்கு."

"ம்."

பச்சை-வெள்ளை வந்தது, தம்பி பக்கம் இறங்கியது. அண்ணன் தன் இலையை இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி நகர்த்தினார், தம்பி தட்டை நகர்த்தினார், காக்கை பறந்துவிட்டது. பறந்ததற்கு யார் காரணம் என்று இருவரும் வாதாடத் தொடங்கியபோது நான் இறங்கி வந்துவிட்டேன். அவர்கள் பேசிக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னேன். "அதையாவது எழுதேன்டி" என்றார். அது என் துறை இல்லை.

பழைய ஒழுங்கு அந்த மாதத்தில் திரும்பவில்லை, அந்த வருடத்திலும் திரும்பவில்லை. இரண்டு வருடக் கணக்கை மட்டும் வைத்து ஐந்தாம் அத்தியாயத்தை எழுதிப் பார்த்தேன். வந்தது தற்செயலா, ஒழுங்கா என்று அதை வைத்து என்னாலேயே சொல்ல முடியவில்லை, தேர்வாளர் எப்படி ஒப்புக்கொள்வார். எடுத்துவிட்டேன்.

இப்போது 2012. ஆய்வேட்டை நான்கு அத்தியாயங்களோடு கொடுத்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி வரவில்லை. நிகழ்ச்சியைப் பற்றிய அறிக்கையை நெறியாளர் கேட்டு வாங்கிப் பயிலரங்குக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார், பாராட்டு வந்தது. தெருவில் சோறு ஐந்து மணிக்குத்தான் வைக்கிறார்கள்.